வயிற்றுக்கடுப்பு நின்று மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்குவது ஏன்?

தோட்டத்து அண்ணன், உசிலம்பட்டி

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 26. உசிலம்பட்டிக்கு மேற்கே எங்களுக்கு ஒரு தோட்டம் இருக்கிறது. நான் வெளிவேலைக்குப் போவதால் தண்ணீர் பாய்ச்சுவது முதல் காய் பறித்துச் சந்தைக்கு அனுப்புவது வரை அவன்தான் பார்க்கிறான். ஊர்த் திருவிழா முடிந்த வாரத்தில் எங்கள் தெருவில் பத்துப் பதினைந்து பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. தம்பிக்குக் கடுமையாக இருந்தது. காய்ச்சலுடன் இரத்தமும் சளியுமாகப் போயிற்று. ஐந்து நாள் மாத்திரை சாப்பிட்டதில் நின்றுவிட்டது. நாங்களும் அதை மறந்துவிட்டோம்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் காலையில் அவனுக்கு வலது முழங்கால் வீங்கிச் சுடத் தொடங்கியது. இரண்டு நாளில் இடது குதிகாலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. நேற்றிலிருந்து ஒரு கண் சிவந்து வெளிச்சம் பட்டால் கூசுகிறது என்கிறான். இரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். 70 என்று அதிகமாக இருக்கிறது, முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ். முதலில் பார்த்த மருத்துவர், முன்பு வந்த வயிற்றுக்கடுப்பின் தொடர்ச்சியாக இது இருக்கலாம் என்றார். வயிற்றில் இருந்த கிருமி முழங்காலுக்கு எப்படிப் போகும்? அது இன்னும் உடம்பில் இருக்கிறதென்றால் இன்னும் பலமான ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்க வேண்டாமா? அதே தண்ணீரைக் குடித்த மற்றவர்கள் யாருக்கும் மூட்டு வீங்கவில்லையே, இவனுக்கு மட்டும் ஏன்?

ஆய்வக ஆசிரியர், மதுரை

ஐயா, உங்கள் கேள்விகளுக்குப் போகும் முன் இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். அவற்றைத் தள்ளிப்போட வேண்டாம். கண் சிவந்து வெளிச்சம் கூசுவது சாதாரணக் கண்வலியாகவும் இருக்கலாம், கண்ணின் உள்ளே கருவிழிப் படலத்தில் வந்த அழற்சியாகவும் இருக்கலாம். பின்னது என்றால் தாமதம் பார்வையைப் பாதிக்கும் என்பதால் இன்றே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்தது, ஒரே ஒரு முழங்கால் சூடாக வீங்கியிருக்கும்போது அதற்குள் சீழ் பிடிக்கவில்லை என்று உறுதி செய்தாக வேண்டும். ஊசி வழியாக மூட்டு நீரை எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினால்தான் அது தெரியும். நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். எனவே கிருமி என்ன செய்கிறது என்பதை மட்டும் விளக்குகிறேன்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால், தொற்றுக்குப் பின் வரும் எதிர்வினை மூட்டழற்சி என்ற வகைக்கு அது பெரிதும் பொருந்துகிறது. சால்மோனெல்லா, ஷிகெல்லா, கேம்பிலோபாக்டர், யெர்சினியா ஆகிய குடல் கிருமிகளும், சிறுநீர்ப் பாதையைத் தாக்கும் கிளாமிடியாவும் இதற்குப் பெயர் பெற்றவை. வயிறு சரியான பிறகு ஒன்று முதல் நான்கு வாரத்துக்குள் மூட்டு வீங்கும். முழங்கால், கணுக்கால் போன்ற கீழ்ப்பகுதி மூட்டுகளில், இரண்டு பக்கமும் ஒத்துப்போகாமல் வரும். தசைநாண் எலும்பில் பற்றும் இடத்தில் அழற்சி உண்டாவதால் குதிகால் வலிக்கும். கண்ணும் சிவக்கலாம். நீங்கள் சொன்ன மூன்றும் இதில் அடங்கிவிடுகின்றன.

கிருமி முழங்காலுக்குப் போயிற்றா என்று கேட்டீர்கள். உயிரோடு போகவில்லை என்பதே பெரும்பாலும் விடை. இந்த நோயாளிகளின் மூட்டு நீரைக் கல்ச்சர் செய்தால் எதுவும் முளைக்காது. ஆனால் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் 1989இல் யெர்சினியாவின் துணுக்குகளையும் அடுத்த ஆண்டு சால்மோனெல்லாவின் மேலுறைப் பொருளையும் மூட்டு நீரில் இருந்த வெள்ளணுக்களுக்குள்ளேயே கண்டார்கள். குடலில் கிருமியை விழுங்கிய அணுக்கள், அதன் செரிக்காத மிச்சங்களைச் சுமந்துகொண்டு மூட்டுக்கு வருகின்றன. உடலின் காவல் படை அந்த மிச்சத்தை முழுக் கிருமியாகவே எண்ணிப் போரிடுகிறது. வீக்கமும் சூடும் அந்தப் போரின் விளைவுகள். கிருமியைக் கொல்லும் மருந்து இறந்த கிருமியின் துணுக்கை ஒன்றும் செய்யாது என்பதை உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையின் முதல் பகுதியாகக் கொள்ளுங்கள்.

தம்பிக்கு மட்டும் ஏன் என்பதற்கு அவருடைய மரபணுவையும் பார்க்க வேண்டும். வெள்ளணுக்களின் மேற்பரப்பில் கிருமித் துண்டுகளை ஏந்திக் காட்டும் புரதங்கள் ஆளுக்கு ஆள் மாறுபடும். அவற்றில் எச்.எல்.ஏ. பி27 என்ற வகை உள்ளவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மிகுதி. வந்தால் கடுமையாகவும் நீண்ட காலமும் இருக்கும். மரபணு மட்டும் போதுமா என்றால் போதாது. பி27 மரபணுவைப் புகுத்திய எலிகளைக் கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்தபோது அவற்றுக்குக் குடல் அழற்சியும் வரவில்லை, மூட்டு அழற்சியும் வரவில்லை என்று 1994இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே எலிகள் சாதாரணக் கூண்டில் கிருமிகளோடு வளர்ந்தால் நோயுற்றன. என் மாணவர்களுக்கு இந்த ஓர் ஆய்வை மட்டும் ஆண்டுதோறும் தவறாமல் சொல்லி வந்தேன்.

கண்ணைப் பற்றி ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், தொற்று முடிந்த பிறகு கண் பாதிக்கப்படுவதை நம் ஊர் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 1993 வெள்ளத்தைத் தொடர்ந்து எலிக்காய்ச்சல் பரவிய காலத்தில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் அக்கிருமி தொடர்பான உட்கண் அழற்சியுடன் வந்த 73 பேரைப் பற்றிய ஆய்வு உலக அளவில் பேசப்பட்டது. அது வேறு கிருமி, வேறு நோய். ஆனாலும் காய்ச்சல் போன பிறகு சிவக்கும் கண்ணை அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்காக அதைச் சொல்கிறேன்.

மேலூர் வாசகர்

ஆசிரியர் ஐயாவின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆனால் என் அனுபவம் வேறாக இருப்பதால் ஒரு சந்தேகம். எனக்கு ஒன்பது வயதில் தொண்டைப்புண் வந்து போனது. இரண்டு மூன்று வாரத்தில் முழங்கால் வீங்கியது. அது வற்றும் முன்பே கணுக்கால், அடுத்து முழங்கை என்று வலி இடம் மாறிக்கொண்டே போயிற்று. வளர்கிற பிள்ளைக்கு வரும் கால்வலி என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். பதினான்கு வயதில் மூச்சு வாங்கியபோதுதான் இதய வால்வு சுருங்கியிருப்பது தெரிந்தது. அன்று முதல் 21 நாளைக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போட்டு வருகிறேன். இப்போது எனக்கு 38 வயது. கிருமி போய்விட்டது, மருந்தால் பயனில்லை என்றால் எனக்கு மட்டும் ஏன் இத்தனை ஆண்டு ஊசி? உசிலம்பட்டித் தம்பிக்கும் அதைப் போட்டால் என்ன?

ஆய்வக ஆசிரியர், மதுரை

மேலூர் நண்பரே, இதை நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் நம் பக்கத்தில் பல பிள்ளைகள் இழப்புக்கு ஆளாகிறார்கள். உங்களுக்கு வந்தது ருமாட்டிக் காய்ச்சல். அதன் காரணம் தொண்டையில் வளரும் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ். அந்தக் கிருமியின் மேல் இருக்கும் எம் புரதம் நம் இதயத் தசையில் உள்ள மயோசின் புரதத்தை ஒத்திருக்கிறது. கிருமிக்கென்று உடல் தயாரித்த எதிர்ப்பொருள், முகச்சாயலைப் பார்த்து ஏமாந்த காவலரைப் போலச் சொந்த இதயத்தையும் தாக்குகிறது. இந்நோய் மூட்டுகளை நக்கிவிட்டு இதயத்தைக் கடிக்கும் என்று பிரெஞ்சு மருத்துவர் லசேக் எழுதினார். மூட்டில் தழும்பே இல்லாமல் வலி மறைந்துவிடுவதால்தான் வீட்டில் உள்ளவர்கள் ஏமாந்து போகிறார்கள்.

உங்களுக்குப் போடும் ஊசி பழைய கிருமியைக் கொல்வதற்காக அன்று. உங்கள் உடல் அந்தக் கிருமியை ஒரு முறை பார்த்துத் தவறான பாடம் கற்றுவிட்டது. மீண்டும் தொண்டையில் அது வளர்ந்தால் அந்தப் பாடத்தை இன்னும் வேகமாக ஒப்பிக்கும். ஒவ்வொரு முறையும் வால்வு மேலும் கெடும். அடுத்த தொற்று தொண்டையில் காலூன்றாமல் பார்த்துக்கொள்வதே அந்த ஊசியின் வேலை. எனவே யார் சொன்னாலும் மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தாதீர்கள்.

குடல் கிருமிகளால் வரும் எதிர்வினை மூட்டழற்சியில், மூட்டு வீங்கிய பிறகு மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். அதனால் நோய் விரைவாகத் தீர்ந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. கிளாமிடியா மட்டும் தனி. அது கல்ச்சரில் முளைக்காத மந்த நிலையில், ஆனால் உயிருடன், மூட்டுச் சவ்வுக்குள்ளேயே தங்கிவிடக் கூடியது. நாட்பட்ட கிளாமிடியா மூட்டழற்சியில் இரண்டு ஆன்டிபயாட்டிக்குகளைச் சேர்த்து ஆறு மாதம் கொடுத்தபோது, வெற்று மாத்திரை பெற்றவர்களைவிடக் கூடுதலானோருக்குக் குணம் தெரிந்ததாக 2010இல் ஒரு சிறிய ஆய்வு வந்தது. ஆகவே சிறுநீர் எரிச்சல் இருந்ததா என்று தம்பியிடம் தனியாகக் கேட்கும்படி மருத்துவரிடம் சொல்லுங்கள், ஐயா. அண்ணன் முன்னால் சொல்லக் கூச்சப்படுவார். மருத்துவர் கேட்டால் சொல்லுவார். அப்படி ஒரு தொற்று உறுதியானால் அதற்கு மருந்து கட்டாயம் வேண்டும். துணைவருக்கும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

செல்லூர்த் தறி

எனக்கு 12 ஆண்டுகளாகச் சரவாங்கி. இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள், மணிக்கட்டு, இரண்டு பாதம் என்று ஒரே மாதிரி வரும். காலையில் எழுந்தால் பாவு நூலை விரலால் எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனக்கு முன்னால் காய்ச்சலும் இல்லை, வயிற்றுப்போக்கும் இல்லை. என்னுடையதும் கிருமியால் வந்ததாக இருக்குமா? எனக்கு ஆன்டி சி.சி.பி. மிக அதிகம் என்று சொன்னார்கள். ஒரு பல் மருத்துவர் என் ஈறைப் பார்த்துவிட்டு, இதற்கும் மூட்டுக்கும் தொடர்பு உண்டு என்று சொன்னார், ஆனால் விளக்கவில்லை.

பல் மருத்துவர், திருமங்கலம்

அம்மா, நான் விளக்க முயல்கிறேன். சரவாங்கி என்று நாம் சொல்லும் முடக்குவாதத்தில், குறிப்பிட்ட ஒரு தொற்றைச் சுட்டிக்காட்டி இதுதான் தொடங்கியது என்று சொல்ல முடிவதில்லை. ஆனால் தொடக்கம் மூட்டில் அன்று, வாய், நுரையீரல், குடல் ஆகியவற்றின் ஈரச் சவ்வுகளில் நிகழ்கிறது என்ற கருத்து இப்போது வலுவாக இருக்கிறது. உங்கள் இரத்தத்தில் அளந்த ஆன்டி சி.சி.பி. என்பது சிட்ருலின் ஏறிய புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள். நம் புரதங்கள் சங்கிலி போன்றவை; அவற்றில் ஆர்ஜினின் என்ற கண்ணி உண்டு. ஒரு நொதி அதைச் சிட்ருலினாக மாற்றிவிட்டால் புரதத்தின் உருவம் சற்றே மாறுகிறது. சிலருடைய உடல் அதை அந்நியமாக எண்ணிவிடுகிறது.

ஈறு நோயை உண்டாக்கும் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ் என்ற கிருமியிடம் இந்த மாற்றத்தைச் செய்யும் நொதி சொந்தமாகவே இருக்கிறது. பற்களுக்கும் ஈறுக்கும் இடையே உண்டான பையில் அது ஆண்டுக்கணக்கில் குடியிருந்து புரதங்களை மாற்றிக்கொண்டே இருக்கும். அக்ரிகாடிபாக்டர் என்ற இன்னொரு ஈறுக் கிருமி வேறு வழியில் போகிறது. அதன் நச்சு வெள்ளணுக்களில் துளையிடும்போது அவற்றின் உள்ளேயே இந்த மாற்றம் கட்டுக்கடங்காமல் நடப்பதாக 2016இல் காட்டினார்கள். புகைபிடிப்பது நுரையீரலில் இதே மாற்றத்தைத் தூண்டுகிறது. மூட்டில் முதல் வலி தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே சிலர் இரத்தத்தில் இந்த எதிர்ப்பொருள் இருக்கிறது என்பதால், முன்னால் காய்ச்சல் வரவில்லையே என்ற உங்கள் கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது. உங்களுக்கு நினைவில் நிற்கும்படி எதுவும் நடந்திருக்க வேண்டிய தேவையில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு என் தொழிலில் உள்ளவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஈறைச் சுத்தம் செய்தால் மூட்டு குணமாகும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. ஆய்வுகள் அந்த அளவுக்கு இன்னும் வரவில்லை. ஈறு நோய்க்கு ஈறுக்காகவே வைத்தியம் செய்துகொள்ளுங்கள். வெற்றிலையுடன் புகையிலை போடும் வழக்கம் இருந்தால் புகையிலையை விட்டுவிடுங்கள். விரல் மடங்காததால் பல்துலக்கியைப் பிடிக்க முடியவில்லை என்றால், அதன் கைப்பிடியில் துணியோ சைக்கிள் டியூபோ சுற்றித் தடிமனாக்கிக்கொள்ளலாம். என்னிடம் வரும் பல அம்மாக்களுக்கு அது உதவியிருக்கிறது.

அலங்காநல்லூர் வயல்

எல்லோரும் சுற்றிச் சுற்றிக் குடலுக்குத்தானே வருகிறீர்கள்? குடல் கிருமிகள் கெட்டதால்தான் வாதம் என்றால் குடலைச் சரிசெய்வதுதானே வைத்தியம்? பழைய சோறும் நீராகாரமும் மோரும் சாப்பிட்டால் நல்ல கிருமிகள் பெருகும். என் பெரியம்மா ஆங்கில மாத்திரைகளை விட்டுவிட்டு அப்படித்தான் இருக்கிறார்; இப்போது நடக்கிறார். செல்லூர் அக்காவும் அதைச் செய்யலாம்.

ஆய்வக ஆசிரியர், மதுரை

தம்பி, பழைய சோறு நல்ல உணவு, நானும் சாப்பிடுகிறேன். குடலுக்கும் மூட்டுக்கும் தொடர்பு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எந்தக் கிருமி நல்லது, எது கெட்டது என்று இவ்வளவு எளிதாகப் பிரித்துவிட முடியாது. 2013இல் நியூயார்க் ஆய்வாளர்கள், புதிதாக முடக்குவாதம் வந்து இன்னும் மருந்து தொடங்காத 44 பேரில் 33 பேரின் குடலில் பிரெவோடெல்லா கோப்ரி என்ற பாக்டீரியா இருப்பதைக் கண்டார்கள். நலமாக இருந்த 28 பேரில் 6 பேரிடம்தான் அது இருந்தது. அதைப் படித்த உடனே, இதோ குற்றவாளி என்று பலரும் எழுதினார்கள். ஆனால் பிரெவோடெல்லா இனம் நார்ச்சத்து மிகுந்த தானிய உணவு உண்ணும் மக்களின் குடலில் இயல்பாகவே செழிப்பது. நம் நாட்டில் நலமாக இருப்பவர்களிடமும் ஏராளம். அங்கே நோயின் அடையாளமாகத் தெரிந்தது இங்கே சாப்பாட்டின் அடையாளமாக இருக்கிறது. ஒரே பெயருக்குள் பல கிளைகள் இருப்பதும், அவை ஒன்றுபோல் நடந்துகொள்ளாததும் பின்னர் தெரியவந்தது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு முடக்குவாதம் வந்தால் மற்றவருக்கும் வருவது நூற்றுக்கு ஏறத்தாழ பதினைந்து பேரிடம்தான். மரபணு முழுதும் ஒன்றாக இருந்தும் அவ்வளவுதான் என்றால், வெளியிலிருந்து வரும் தூண்டுதலுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. நீங்கள் சொல்வதில் அந்த அளவு உண்மை உண்டு. ஆனால் தீ பற்றியதற்கும் தீ எரிந்துகொண்டிருப்பதற்கும் ஒரே காரணம் இருக்க வேண்டும் என்பதில்லை. பற்ற வைத்த தீக்குச்சியை அணைத்துவிட்டால் படப்பில் பிடித்த தீ நின்றுவிடாது. மருந்தை நிறுத்தச் சொல்வது இங்கேதான் ஆபத்தாகிறது.

செல்லூர்த் தறி

அலங்காநல்லூர்த் தம்பி நல்லெண்ணத்தில்தான் சொல்கிறது. ஆனால் நான் அதைச் செய்து பார்த்தவள். ஆறாம் ஆண்டில் வலி குறைந்திருந்தபோது, ஒருவர் பேச்சைக் கேட்டு எல்லா மாத்திரைகளையும் நான்கு மாதம் நிறுத்தினேன். கஞ்சியும் மோரும் கஷாயமும்தான். முதல் இரண்டு மாதம் நன்றாகவே இருந்தது, அதனால்தான் நம்பினேன். மூன்றாம் மாதம் திரும்பி வந்த வீக்கத்தில் வலது கை மோதிர விரலும் சுண்டு விரலும் வெளிப்பக்கம் சாய்ந்தன. மருந்தை மீண்டும் தொடங்கியதும் வீக்கம் வற்றியது, விரல் நிமிரவில்லை. இன்று அந்தக் கையால் முடிச்சுப் போட முடியாது. உன் பெரியம்மாவை ஒரு முறை மருத்துவரிடம் கூட்டிப்போய்க் கை எக்ஸ்ரே எடுத்துப் பார், தம்பி. வலி இல்லாமலே எலும்பு அரிக்கலாம்.

சரவாங்கிக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை: அது வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை. எங்கள் தெருவில் ஒரு பாட்டி தினமும் சாப்பிட்டு வாயெல்லாம் புண்ணாகி உயிருக்குப் போராடினார். நான் நாட்காட்டியில் ஞாயிற்றுக்கிழமைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.

ஆசிரியர் ஐயா, எனக்குச் சல்ஃபாசலசீனும் கொடுக்கிறார்கள். அது கிருமியைக் கொல்லும் மருந்து என்று மருந்துக்கடையில் சொன்னார்களே?

ஆய்வக ஆசிரியர், மதுரை

அதற்குப் பின்னால் அழகான வரலாறு உண்டு, அம்மா. ஸ்வீடன் மருத்துவர் நானா ஸ்வார்ட்ஸ் முடக்குவாதம் ஒரு கிருமித் தொற்று என்றே நம்பினார். கிருமிக்கு ஒரு சல்ஃபா மருந்து, வலிக்கும் அழற்சிக்கும் ஒரு சாலிசிலேட் என இரண்டையும் ஒரே மூலக்கூறாகப் பிணைத்து 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதை உருவாக்கினார். மருந்து பயன்பட்டது, ஆனால் அவர் எண்ணிய வழியில் அன்று. அது நோய் எதிர்ப்பு அணுக்களின் வேகத்தைத் தணிக்கிறது. குடல் கிருமிகள்தான் அதை உடைத்து இரண்டாகப் பிரிக்கின்றன என்பதால் கிருமிக்கு இதில் ஒரு பங்கு இருக்கவே செய்கிறது.

கிராமச் செவிலியர், வாடிப்பட்டி

இரண்டு செய்திகளைச் சுருக்கமாகச் சேர்க்கிறேன். பாக்டீரியா மட்டுமன்று, வைரசும் மூட்டைப் பிடிக்கும். 2006இல் சிக்குன்குனியா பரவிய பிறகு மாதக்கணக்கில் கைகால் மடக்க முடியாமல் இருந்தவர்களை நம் மாவட்டத்தில் எல்லோரும் பார்த்திருப்போம். அந்தப் பெயரே டான்சானியாவின் மகோண்டே மொழியில் உடல் வளைந்து போவதைக் குறிப்பது. மழைக்காலக் காய்ச்சலுக்குப் பிறகு மூட்டு வலித்தால் உடனே முடக்குவாதம் என்று முடிவு கட்டாமல், காய்ச்சல் வந்ததை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

அடுத்தது காசநோய். நுரையீரலிலோ நெறிக்கட்டியிலோ காசநோய் இருக்கும்போது, மூட்டில் கிருமியே இல்லாமல் பல மூட்டுகள் வீங்குவதுண்டு. பொன்செ நோய் என்று அதற்குப் பெயர். காசநோய் மருந்து தொடங்கிய சில வாரங்களில் வீக்கம் வற்றிவிடும். அதைத் தெரியாமல் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் காசநோய் பெருகும். மூட்டு வீங்கியவர்களிடம் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு உண்டா என்று நான் எப்போதும் கேட்பேன்.

தோட்டத்து அண்ணன், உசிலம்பட்டி

எல்லோருக்கும் நன்றி. ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். நீங்கள் சொன்ன அன்றே மதுரைக்குக் கூட்டிப்போனோம். கண்ணில் உட்புற அழற்சிதான்; ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் பாவையை விரிக்கும் சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். இப்போது பார்வை தெளிவாக இருக்கிறது. இரண்டு நாள் பொறுத்திருந்தால் பாவை ஒட்டிக்கொண்டிருக்கும் என்றார் மருத்துவர். முழங்காலில் எடுத்த நீர் கலங்கலாக இருந்தது, ஆனால் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. அது தெரிந்த பிறகே மூட்டுக்குள் ஊசி போட்டார்கள். பி27 பாசிட்டிவ். சிறுநீர்ப் பரிசோதனையில் கிளாமிடியா இல்லை. ஆன்டிபயாட்டிக் கேட்டேன், வேண்டாம் என்று விளக்கினார்கள். உங்கள் விளக்கத்தைப் படித்திருந்ததால் எனக்கு அது புரிந்தது.

இப்போது கிணற்று மேடு வரை தடியில்லாமல் நடக்கிறான். குதிகால் மட்டும் காலையில் வலிக்கிறது. எனக்கு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. நானும் அதே தாய் தகப்பனுக்குப் பிறந்தவன். நான் பி27 பார்த்துக்கொள்ள வேண்டுமா? என் மகளுக்கு நான்கு வயது.

ஆய்வக ஆசிரியர், மதுரை

மகிழ்ச்சி, ஐயா. நீங்கள் பார்க்க வேண்டாம், குழந்தைக்கும் வேண்டாம். உங்களுக்கு அந்த மரபணு இருக்க ஏறத்தாழ பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, ஆனால் அது இருப்பவர்களில் பெரும்பாலோர் வாழ்நாள் முழுதும் மூட்டு நோயே இல்லாமல் இருக்கிறார்கள். தொந்தரவு இல்லாத நிலையில் அந்த முடிவை வைத்துச் செய்யக்கூடியது எதுவும் இல்லை. வீண் கவலைதான் மிஞ்சும். தம்பிக்குப் பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் முழுதும் தணிந்துவிடும். சிலருக்கு மட்டும் நீடிக்கும். காலையில் இடுப்பும் முதுகும் இறுகி, அரை மணி நேரத்துக்கு மேல் ஆகி, படுத்திருந்தால் கூடி நடந்தால் தளரும் வலி மூன்று மாதத்துக்கு மேல் இருந்தால், அதைக் களைப்பு என்று எண்ணாமல் அதே மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்கும் அப்படி ஒரு வலி வந்தால் அன்றைக்கு, தம்பிக்குப் பி27 இருப்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.